பன்னிரண்டு கிலோமீட்டர், ஆறு வினாடி

விடைத்தாள்களில் நான் சிவப்பு மையால் அதிகம் எழுதியது இரண்டே சொற்கள்தான்: "அச்சு எங்கே?" பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் கிராஃபில் கோடு போடுவதில் சூரர்கள். ஸ்கேலை வைத்து அழகாக இழுத்துவிடுவார்கள். கீழே போகிற அச்சில் என்ன, மேலே போகிற அச்சில் என்ன என்று எழுதுவதற்கு மட்டும் கை வராது. நானும் ஈவிரக்கம் பார்க்காமல் இரண்டு மதிப்பெண்ணை வெட்டுவேன். "அச்சுல பேர் எழுதாத கிராஃப் கிராஃப் இல்ல, கோலம். வாசல்ல போய்ப் போடு" என்பேன். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'அச்சு மிஸ்' என்று பெயர். அது எனக்குத் தெரியும், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அப்படிப்பட்ட நான்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் பள்ளி ராஜபாளையத்தைத் தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் இருக்கிறது. தாளாளர் சுயம்புலிங்கம் சத்தமாகப் பேசாத மனிதர். யாரையும் 'வாங்க, போங்க' என்றுதான் அழைப்பார். வேலைக்குச் சேருகிற அன்று ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களை வாங்கித் தன் அறையிலிருக்கும் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். இந்தப் பக்கத்தில் பல தனியார் பள்ளிகளில் நடக்கிற வழக்கம்தான், யாரும் அதிசயப்படுவதில்லை. எனக்கு முன்னால் இருந்த இயற்பியல் ஆசிரியை வேலையை விட்ட பிறகு தன் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கப் பதினொரு மாதம் நடந்தாள். என்னுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து எம்.எஸ்ஸி., பி.எட். வரை எல்லாம் ஆறு வருடமாக அந்த பீரோவில் இருந்தன.

மூன்று வருடத்துக்கு முன் பள்ளி வேன்களில் ஜி.பி.எஸ். பொருத்தினார்கள். பெற்றோர் போனில் பார்க்க ஒரு ஆப். அதில் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில், பள்ளியிலிருந்து வேன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நேரத்தோடு சேர்த்து ஒரு கிராஃப். இரண்டாம் பக்கத்தில் வேகம். இரண்டாம் பக்கத்தை யாரும் திறப்பதில்லை. பெற்றோர் கூட்டத்தில் சுயம்புலிங்கம் என்னை மேடையேற்றி, இதை எப்படிப் பார்ப்பது என்று விளக்கச் சொன்னார். நானும் கரும்பலகையில் முதல் பக்கத்தை வரைந்து சொன்னேன். "கோடு மேல ஏறுனா வேன் பள்ளிக்கூடத்த விட்டுத் தள்ளிப் போகுது. படுத்துக் கெடந்தா நிக்குது. கீழ இறங்குனா திரும்பி வருது. இவ்வளவுதான்."

இரண்டே வாரத்தில் அம்மாக்கள் எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரிகள் ஆகிவிட்டார்கள். "மிஸ், அஞ்சு நிமிசமா கோடு படுத்தே கெடக்கே, கேட்டு போட்டுட்டானா?" என்று ரயில்வே கேட் மூடியதைப் போனில் கண்டுபிடித்தார்கள். 'கோடு இறங்குனா திரும்பி வருது' என்பது எங்கள் பள்ளியில் எல்லோர் வாயிலும் இருந்தது. வாட்ச்மேன்கூடச் சொல்வார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் நவம்பர் மாதம், மழை பிடித்த ஒரு சாயங்காலம். நான்கு ஐம்பதுக்குச் சேத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வேன் ஒன்றின் பின்பக்கத்தில் மொக்கைச்சாமி என்கிற பால்காரரின் டி.வி.எஸ். வண்டி மோதியது. பால் கேன்களோடு ரோட்டில் விழுந்தவர் மூன்றாம் நாள் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வேனை ஓட்டியவர் சாதிக் பாட்சா. பள்ளியில் பதினெட்டு வருடமாக டிரைவர். "குறுக்க கன்னுக்குட்டி வந்துச்சு, பிரேக் போட்டேன், வண்டி நின்னுருச்சு. நின்ன வண்டியில பின்னால வந்து இடிச்சாரு" என்று அவர் சொன்னார். கூடியிருந்த கூட்டத்தில் யாரோ, "இல்ல, வேன் பின்னால வந்துச்சு" என்றார்கள். வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயா இருக்க வேண்டும், அன்று இல்லை. கடைசி நிறுத்தத்துக்கான இரண்டு யு.கே.ஜி. குழந்தைகள்தான் இருந்தன. இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன.

அன்று ஏழு மணிக்குச் சுயம்புலிங்கம் எனக்குப் போன் செய்தார். நான் அடுப்பில் தோசைக்கல்லை வைத்துவிட்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு நின்றேன்.

"மிஸ், போலீசுல வேன் கிராஃபைக் கேக்குறாங்க. எடுத்துட்டேன். நாலு அம்பதுக்கு மேல இருந்து கோடு சரசரன்னு கீழ இறங்குது. அதுக்கு என்ன அர்த்தம்?"

"கீழ இறங்குனா திரும்பி வருதுன்னு அர்த்தம் சார்" என்றேன். தோசை தீய்ந்துகொண்டிருந்தது.

"அப்ப வேன் பின்னால வந்துருக்கு."

"ஆமா சார்."

மறுநாள் இரண்டாம் பீரியட் மணி அடித்த பிறகு அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. பள்ளி லெட்டர்பேடில் டைப் செய்திருந்தார்கள்: 'இணைக்கப்பட்டுள்ள வரைபடத்தின்படி வாகனம் பின்னோக்கி வந்துள்ளது எனத் தெரிகிறது.' கீழே என் பெயர், என் படிப்பு, முதுகலை ஆசிரியை, இயற்பியல். கிராஃப் பின்பக்கம் ஸ்டேப்ளர் அடித்து இணைக்கப்பட்டிருந்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். பின்னால் இருந்த தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாதிக் பாட்சாவைக் கைது செய்து ஜாமீனில் விட்டார்கள். லைசென்ஸ் போனது, வேலையும் போனது. மொக்கைச்சாமியின் மனைவி பொன்மணி, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ராஜபாளையம் வந்து, சாதிக் பாட்சாவின் வீட்டு வாசலில் நின்று மூன்று பிடி மண்ணை அள்ளித் தூற்றிவிட்டுப் போனாளாம். ஒரு டிரைவர் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்து ஒரு உயிரைக் கொன்றுவிட்டானே என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் பேசினார்கள். நானும் பேசினேன். எனக்கும் அந்த மனிதர் மேல் கோபம் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய மகள் நௌஷீன் எங்கள் பள்ளியில்தான் படித்தாள். அப்பாவை வேலையை விட்டு அனுப்பினாலும் மகளை அனுப்பவில்லை என்று சுயம்புலிங்கத்துக்கு ஊரில் நல்ல பெயர். அடுத்த ஜூனில் அவள் பதினோராம் வகுப்புக்கு, என் வகுப்புக்கு வந்தாள்.

ஜூலையில் இயக்க வரைபடங்கள் நடத்தினேன். ஒரே மாதிரி கீழே இறங்குகிற கோட்டை இரண்டு தடவை வரைந்தேன். ஒன்றில் மேலே போகிற அச்சில் தூரம், மற்றதில் வேகம். "பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். மொதல்ல இருக்கிறது திரும்பி வருது. ரெண்டாவதுல திரும்பவே இல்ல, பிரேக் போட்டு நிக்குது. எது எதுன்னு எதை வச்சுச் சொல்லுவீங்க?"

"அச்சு மிஸ்" என்று வகுப்பே கத்தியது. யாரோ அந்தப் பட்டப்பெயரைத்தான் சொன்னார்கள் என்று சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன்.

"சந்தேகம் இருந்தா கேளுங்க."

மூன்றாம் பெஞ்சிலிருந்து நௌஷீன் எழுந்தாள். கையில் நான்காக மடித்த ஜெராக்ஸ் தாள். "மிஸ், இந்த கிராஃபுல மேல போற அச்சுல ஒண்ணுமே போடல. இத எப்படி வாசிக்கணும்?"

"அச்சு இல்லாட்டி அதைக் கோலம்னு சொல்லிருக்கேன்ல" என்றபடி கையை நீட்டினேன். அவள் கொண்டுவந்து கொடுத்தாள்.

இடது ஓரம் வெட்டுப்பட்ட பிரதி. அடியில் நேரம் மட்டும் இருந்தது. மேலே ஒரே உயரத்தில் வந்துகொண்டிருந்த கோடு நான்கு ஐம்பதைத் தாண்டி முப்பதாவது வினாடியில் சரிந்து, முப்பத்தாறாவது வினாடியில் அடிக்கோட்டைத் தொட்டு, அங்கேயே படுத்துவிட்டது. அதோடு சேர்த்து இன்னொரு தாள். அதில் என் கையெழுத்து. வழக்கின் குற்றப்பத்திரிகையோடு அவள் அப்பாவுக்குக் கொடுத்த நகல் அது. அவளை நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. கணக்குக்கு விடை வராதவள் கேட்கிற மாதிரிதான் நின்றாள். 

"பொறவு பாக்கலாம், உக்காரு" என்றேன்.

மாலை மணி அடித்ததும் லேபுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முதல் பக்கத்து கிராஃப் என்றே வைத்துக்கொள்வோம் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். கோடு அடியைத் தொட்டால் பள்ளியிலிருந்து தூரம் பூஜ்யம், அதாவது வேன் பள்ளி வாசலில். விபத்து நடந்த இடம் பள்ளியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். பன்னிரண்டு கிலோமீட்டரை ஆறு வினாடியில் கடந்தால் மணிக்கு ஏழாயிரத்து இருநூறு கிலோமீட்டர் வேகம். ஓட்டை வேன் ஒன்று அந்த வேகத்தில் ரிவர்ஸில் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எந்தப் பிள்ளையாவது பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் அந்தத் தாளை வகுப்பு முழுக்கக் காட்டிக் கேலி செய்திருப்பேன்.

அது இரண்டாம் பக்கம். வேகம். ஓடிக்கொண்டிருந்த வேன் ஆறு வினாடியில் பிரேக் பிடித்து நின்றிருக்கிறது. நின்ற பிறகு அசையவே இல்லை. சாதிக் பாட்சா சொன்னதை அந்தக் கோடு அப்படியே சொல்லிக்கொண்டிருந்தது. நான் பிள்ளைகளுக்கு இரண்டு மதிப்பெண் வெட்டுகிற அந்தப் பிழைக்கு இங்கே ஒருவருடைய வாழ்க்கை போயிருந்தது. கணக்குப் போட்ட தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாளே சுயம்புலிங்கத்தின் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார்.

"உக்காருங்க மிஸ். அப்ப அவரு ரிவர்ஸ் எடுக்கல. நின்ன வண்டியில பின்னால வந்து இடிச்சிருக்காரு. ஏன் இடிச்சாருன்னு அடுத்த கேள்வி வரும்ல? பின்னால பிரேக் லைட்டு எரியலன்னு பேச்சு வரும். பள்ளிக்கூடம் மேல வரும். ஆயிரத்தி இருநூறு பிள்ளைங்க படிக்குது."

"பிரேக் லைட் எரியலையா சார்?"

அவர் எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். வரிசையாக நின்ற ஃபைல்களில் ஒன்றை உருவினார். நீல நிற ஃபைல், முதுகில் 'ஜெபா' என்று என் கையெழுத்து. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அதே இடத்தில் செருகிப் பூட்டினார். "பத்திரமா இருக்கு. நீங்க எழுதிக் குடுத்தது எழுதிக் குடுத்ததுதான் மிஸ். கோர்ட்டுல கேட்டா அதையே சொல்லிருங்க" என்றார். குரல் அப்போதும் உயரவில்லை.

ஜெராக்ஸ் இயந்திரம் ஓரத்தை வெட்டியதா, அவர் வெட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போன் செய்த அன்று அவருக்கும் என்னைப் போலத்தான் தெரியாமல் இருந்திருக்கும். இப்போது தெரியும்.

அரசுப் பள்ளி வேலைக்கான தேர்வில் நான் தேறியிருந்தேன். ஜனவரி ஆறாம் தேதி சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசலைக் காட்ட வேண்டும். காட்டாதவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் கணவர் ஆல்வின் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். நியாயமான மனிதர்தான். "மொதல்ல சர்டிபிகேட்ட வாங்கு. பொறவு உண்மையப் பேசு. ஜனவரிக்குப் பொறவு கூட பேசலாம்ல?" என்றார்.

"கேஸ் டிசம்பர்ல வருது."

"அப்ப என்ன செய்ய?" என்று என்னிடமே கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. தினமும் பள்ளிக்குப் போனேன், கையெழுத்துப் போட்டேன், பாடம் நடத்தினேன், வந்தேன். தாளாளர் அறையைக் கடக்கும்போதெல்லாம் பீரோவின் பிடி கண்ணில் படும். வகுப்புக்குப் போனால் மூன்றாம் பெஞ்சு. இரண்டுக்கும் நடுவில் வராண்டாவில்தான் எனக்கு மூச்சு வந்தது. நௌஷீன் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் எரிந்து விழுந்து என் பாரத்தைக் கொஞ்சம் இறக்கியிருப்பேன். காலாண்டுத் தேர்வில் ஒரே ஒரு கிராஃபில் அவள் அச்சுப் பெயரை எழுதவில்லை. எழுத மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா தெரியாது. சிவப்புப் பேனாவை எடுத்தேன், மூடி வைத்தேன். முழு மதிப்பெண்ணும் போட்டேன். அதைவிட அவமானமான காரியத்தை நான் செய்ததில்லை.

அக்டோபரில் ஒருநாள் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு அருகே சாதிக் பாட்சாவைப் பார்த்தேன். பழமண்டி லாரியிலிருந்து வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தார். ஒளிந்துகொள்ளலாம் என்று திரும்பினேன். அதற்குள் பார்த்துவிட்டார். தோளில் கிடந்த சாக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"நல்லாருக்கியளா மிஸ்? புள்ள ஒழுங்காப் படிக்காளா?"

"நல்லாப் படிக்கா."

"படிச்சுட்டான்னா போதும்." கையிலிருந்த சாக்கை மடித்தார். பிறகு, "மிஸ், ஒண்ணு கேக்கலாமா? நான் ரிவர்ஸ் எடுக்கலன்னுதான் எனக்கு ஞாபகம். கன்னுக்குட்டி வாலு வரைக்கும் ஞாபகம் இருக்கு. ஆனா நீங்க படிச்சவிய, பாத்து எழுதிருக்கிய. இப்பமெல்லாம் எனக்கே சந்தேகமா இருக்கு. பதட்டத்துல கியர் ரிவர்ஸ்ல விழுந்திருக்குமோ? நான்தான் அந்த ஆளக் கொன்னுட்டேனோன்னு தோணுது. தொழுதா கூட அதுதான் வருது" என்றார்.

அவர் என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தன் கண்ணையும் காலையும் நம்பாமல் என் கையெழுத்தை நம்புகிற மனிதரிடம் என்ன பேச? "பிரேக் லைட் எரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டேன்.

"அது ரெண்டு மாசமா எரியல மிஸ். மூணு தடவ வண்டி நோட்டுல எழுதிக் குடுத்தேன். அந்த நோட்டக் காணலங்காவ."

சொல்லிவிடு, நீங்கள் ரிவர்ஸ் எடுக்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று முட்டியது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் எனக்குச் சாட்சி சம்மன். அரசுத் தரப்புச் சாட்சி. காலை ஒன்பதரைக்கு சுயம்புலிங்கத்தின் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. "பஸ்ல ஏன் கஷ்டப்படுறீங்க மிஸ்" என்றார். பின் சீட்டில் ஏறினேன். என் பக்கத்தில் அந்த நீல ஃபைல் இருந்தது.

"ஜனவரியில வெரிஃபிகேஷனாமே. யாரும் சொல்லல, நானாத் தெரிஞ்சுக்கிட்டேன். சந்தோஷம். சாட்சி முடிஞ்சதும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்று முன் சீட்டிலிருந்து கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் ஃபைல் என் தொடையை உரசிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் என் பக்கம் நகரும். கை வைக்கவும் முடியவில்லை, தள்ளி வைக்கவும் முடியவில்லை. எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து ஓடினால் என்ன என்றுகூடத் தோன்றியது. ஓடுகிற காரில் கதவைத் திறப்பதற்கு எனக்குத் தைரியம் கிடையாது. வழியில் எங்கள் பள்ளி வந்தது, போனது. கோபுரம் தெரிந்தது. பால்கோவா கடைகளில் கூட்டம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை மறுபடி ஒருமுறை வாயால் சொன்னால் போதும், என் வாழ்க்கை கைக்கு வந்துவிடும். அதையே சொல்லிவிடலாம் என்றுதான் அந்த நிமிடம் வரை இருந்தேன். உத்தமி வேஷம் போட விரும்பவில்லை.

கோர்ட் ஹாலில் சாதிக் பாட்சா கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். பக்கத்தில் நௌஷீன், பள்ளிச் சீருடையில். பெஞ்சின் மறுமுனையில் பொன்மணி உட்கார்ந்திருந்தாள். கையில் மஞ்சள் துணிப்பை. சுயம்புலிங்கம் கடைசி வரிசையில் அமர்ந்தார்.

அரசு வக்கீல் அந்தத் தாளைக் காட்டி, "இது உங்க கையெழுத்தா?" என்றார்.

"ஆமா."

"இந்த வரைபடப்படி வேன் பின்னோக்கி வந்திருக்குன்னு நீங்க சொல்லிருக்கீங்க. சரியா?"

தாளைக் கையில் கொடுத்தார்கள். திருப்பினேன். அப்போதுதான், முதல் தடவையாக, கோர்ட்டில் இருந்த பிரதியைப் பார்த்தேன். அதிலும் இடது ஓரம் இல்லை. சாதிக் பாட்சா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்வதைக் கேட்டுத்தான் தான் அன்று என்ன செய்தோம் என்று தெரிந்துகொள்ளப் போகிறவர் மாதிரி நின்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

"சரி இல்லைங்க" என்றேன்.

வக்கீல் நிமிர்ந்தார். "என்ன சரி இல்ல?"

"நான் எழுதிக் குடுத்தது சரின்னா, இந்த வேன் ஆறு வினாடியில பன்னிரண்டு கிலோமீட்டர் பின்னால போயி, எங்க பள்ளிக்கூட வாசல்ல நின்னுருக்கணும். மணிக்கு ஏழாயிரத்து இருநூறு கிலோமீட்டர் வேகம். ஆனா வேன் சேத்தூர் ரோட்டுலதான் நின்னுச்சு. அதை ஊரே பாத்துருக்கு."

ஹாலில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "விளங்கச் சொல்லுங்க" என்றார்.

தாளை உயர்த்திப் பிடித்து, விரலால் கோட்டைத் தொட்டுக் காட்டிச் சொன்னேன். இது தூரம் இல்லை, வேகம். இங்கே வரைக்கும் வேன் ஓடுகிறது. இங்கே பிரேக். இங்கே நிற்கிறது. பின்னால் வந்திருந்தால் கோடு இதற்கப்புறம் மறுபடி எழும்பியிருக்க வேண்டும், எழும்பவில்லை. ஓரம் வெட்டுப்படாத கிராஃப் கருவி பொருத்திய கம்பெனியில் இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள். பதினோராம் வகுப்பில் நடத்துவதைவிட மெதுவாக நடத்தினேன்.

"அப்ப ஏன் மா அப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?" என்றார் நீதிபதி.

வக்கீல் எனக்கு ஒரு காரணம் எடுத்துக் கொடுப்பார் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பிறழ்சாட்சி என்று அறிவிக்கச் சொல்லி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"அச்சைப் பாக்கலைங்க" என்றேன். "தாளையே திருப்பிப் பாக்கல. போன்ல கேட்டாங்க, தோசை ஊத்திக்கிட்டே சொன்னேன்."

என் வாக்குமூலத்தை டைப் செய்து கையெழுத்துக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்தேன், பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். "வெறும் தாள்தாம்மா அது" என்றார் கிளார்க் சலிப்போடு. நிமிர்ந்தபோது கடைசி வரிசை காலியாக இருந்தது.

வெளியே வந்தேன். காரும் இல்லை, ஃபைலும் இல்லை. போனில் பள்ளி ஆசிரியர் குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். மேல்நிலை வகுப்பு அட்டவணையைப் பற்றி நான் காலையில் போட்ட செய்தி அதில் கடைசியாகக் கிடந்தது. ஆல்வினுக்கு என்ன சொல்வது, ஜனவரி ஆறாம் தேதி என்ன செய்வது என்று படிக்கட்டில் நின்றபடி யோசித்தேன். இந்த வரியை எழுதுகிற வரைக்கும் அந்த ஃபைல் வரவில்லை, ஆறாம் தேதியும் போய்விட்டது.

"டீச்சர், செத்த நேரம் நில்லுங்க."

பொன்மணி. மிக அருகில் வந்து நின்றாள்.

"அப்பம் அவரு பின்னால வரலியா?"

"வரல. வேன் நின்னுதான் இருந்துச்சு."

"பொறவு எப்படி இவிய போய் இடிச்சாவ?"

"பிரேக் லைட் எரியலையாம். மழை வேற. நின்னது அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

"எரிஞ்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கும்."

அவள் துணிப்பையைக் கை மாற்றினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "நான் அந்த மனுசன் வீட்டு வாசல்ல மண்ணள்ளித் தூத்துனேன் டீச்சர். மூணு பிடி. ஒன் குடும்பம் வெளங்காதுன்னு சொல்லித் தூத்துனேன். அந்தப் புள்ள நெலப்படியில நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. அவ தலையிலயும் விழுந்துச்சு. பெரிய படிப்புப் படிச்ச டீச்சரே எழுதிக் குடுத்துட்டாவன்னு எல்லாரும் சொன்னாவ, அதக் கேட்டுத்தான் போனேன்." அவள் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "அந்த மண்ண இனி நான் எப்படித் திரும்ப அள்ளுவேன்?"

  பொன்மணியின் கையைப் பிடித்தேன். அவள் உதறவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

எதிரே வேப்பமரத்தடியில் சாதிக் பாட்சாவும் நௌஷீனும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். நௌஷீன் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்மணி அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள், நின்றாள். நானும் நின்றேன். பிறகு இரண்டு பேரும் நடந்தோம்.

படிக்கட்டிலிருந்து அந்த மரம் இருபதடி தூரம் இருக்கும். நாங்கள் போய்ச் சேர வெகு நேரம் ஆனது.